லித்தியம் கடைசிவரை சொல்லாது

கல்லியோ ஏரி,
நவம்பர் 12

அன்புள்ள இர்யா அக்காவுக்கு, தம்பி வெய்க்கோ எழுதுவது.

ஏரியில் ஐஸ் மூன்று அங்குலம். நான் நூற்று எழுபது பவுண்டு, சென்யா ஐம்பத்தெட்டு. நாய் மூஸ்தியை நிறுக்க முடியவில்லை, தராசைக் கடிக்கிறது. மூன்று பேரும் சுகம். உன் பல்வலி போயிற்றா? அங்கே காபியாவது சூடாகத் தருகிறார்களா?

உன் விடுதலைக்கு இன்னும் நூற்றுப் பதினேழு நாள். உன் மகள் சமையலறைக் காலண்டரில் தினமும் ஒரு கட்டத்தை அடிக்கிறாள். மார்ச் ஒன்பதை மட்டும் சிவப்பு பென்சிலால் காகிதம் கிழிகிற அளவுக்கு வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அதனால் உன்னிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: அங்கே யார் என்ன சொன்னாலும் கையை ஓங்காதே. ஒரு அறை விட்டால் மார்ச் ஒன்பது போய்விடும் என்று உன் வக்கீல் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

இப்போது விஷயம். மீன்காட்டிக்கான பழைய ஆசிட் பேட்டரி செத்துவிட்டது. துளையில் கருவியை இறக்கினால் அரை மணியில் திரை இருட்டிவிடுகிறது, கீழே மீன் நிற்கிறதா என் பூட்ஸ் நிற்கிறதா என்று தெரியவில்லை. எல்லாரும் லித்தியம் என்கிறார்கள். ஹல்வர் கடையில் பதினோரு வருஷம் பேட்டரி விற்றவள் நீ. எது வாங்கட்டும்?

சென்யா முத்தம் கொடுக்கச் சொன்னாள்.

தம்பி,
வெய்க்கோ


பெண்கள் சிறை,
நவம்பர் 20

வெய்க்கோ தம்பி,

நான் நூற்று நாற்பத்தொன்று. பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், அதனால் ஒரு பல் கனம் குறைவு. காபி கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கிறது, ஆனால் சூடு. சுகம்தான்.

கேள். ஆசிட் பேட்டரி குளிரில் பாதி பலத்தை இழந்துவிடும். முழுக்கக் காலியானதை வெளியில் விட்டால் உறைந்து வயிறு பிளந்துவிடும். கனமும் அதிகம். ஆனால் ஒரு நல்ல குணம்: தீரப்போகிறது என்றால் முன்னாலேயே சொல்லிவிடும். விளக்கு மங்கும், விசிறி முனகும். லித்தியம் அப்படியில்லை. கால்வாசி கனம், குளிரிலும் உழைக்கும். ஆனால் கடைசிவரை ஒன்றும் சொல்லாது. முழு வெளிச்சம் கொடுத்துக்கொண்டே இருந்து, பட்டென்று விழும். இன்னொன்று, அதை உறைந்த நிலையில் சார்ஜரில் மாட்டாதே. மாட்டினால் அன்றோடு சமாதி. வீட்டுக்குள் வைத்து, தொட்டால் சில்லிடாத பிறகுதான் சார்ஜ்.

மீன்காட்டிக்கு மட்டும் என்றால் பன்னிரண்டு ஏ.எச்., அதாவது பன்னிரண்டு ஆம்பியர்-மணி, லித்தியம் போதும். ஞாயிற்றுக்கிழமை மீனவனுக்கு அதுவே ஜாஸ்தி.

இந்தக் கடிதத்தைப் படித்து முத்திரை குத்துகிறவர் ப்ரூயிட். ஜார்ஜியாக்காரர். ஐஸ் என்றால் அவருக்கு எலுமிச்சை பானத்தில் மிதப்பது. பேட்டரி, மீன் என்று எழுதினால் கொட்டாவி விட்டுக்கொண்டே குத்திவிடுகிறார். பாவம்.

லோவெல் அந்தப் பக்கம் வந்தானா? மறைக்காமல் எழுது. என் புருஷன்தான் அவன், எனக்குத் தெரியாதா? சௌனா நீராவிக் கொட்டகையில் ஆறு வயதுப் பிள்ளையின் தலையைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கிப் பிடித்தவன். என் மீன் ஈட்டியின் ஐந்து பல்லும் அவன் தொடையில் இறங்கியபோதுதான் கையை எடுத்தான். நீதிபதி வாளியைப் பார்க்கவில்லை, ஈட்டியைத்தான் பார்த்தார். ஈட்டி இறங்கிய அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, சொன்னால் பாவம், சங்கீதம் மாதிரி இருக்கிறது.

குழிகளுக்குக் கிளை நடுகிறாயா? அப்பா செத்தபிறகும் அவர் பேச்சைக் கேட்பவன் நீ ஒருவன்தான்.

நாள் 109.

அக்கா,
இர்யா


கல்லியோ ஏரி,
டிசம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

ஐஸ் ஏழு அங்குலம். நானும் சென்யாவும் நலம். பிடுங்கிய இடத்தில் உப்புத் தண்ணீர் வைத்துக் கொப்பளி.

நீ சொன்ன பன்னிரண்டு ஏ.எச். வாங்கினேன். கையில் எடுத்தால் ரொட்டித் துண்டு மாதிரி இருக்கிறது. இந்த வருஷம் மீன்பிடிக் குடிலைக் கொஞ்சம் சீக்கிரமாகவே ஐஸுக்கு இழுத்துவிட்டேன், பெரிய தீவைத் தாண்டி நிறுத்தியிருக்கிறேன். கிளை நடுகிறேன். குடிலை இடம் மாற்றும்போதெல்லாம் பழைய குழியைச் சுற்றி ஐந்து ஊசியிலைக் கிளை நட்டு, அடியில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்துவிட்டுத்தான் நகர்கிறேன். "நீ வெட்டின குழியில அடுத்தவன் விழுந்தா அவன கொன்னது நீதான்டா" என்று அப்பா இன்னும் என் பின்னால் நின்று சொல்வதுபோல் இருக்கிறது.

மூஸ்தி போய்விட்டது அக்கா. வயதாகிவிட்டது. சென்யா அழுதாள்.

இன்னொரு யோசனை வேண்டும். கேஸ் ஹீட்டரின் விசிறிக்கும், ஒரு விளக்குக்கும், போனுக்கும் சேர்த்து எவ்வளவு பெரிய பேட்டரி? குடில் கொஞ்சம் வசதியாக இருந்தால் நல்லது என்று பார்க்கிறேன்.

தம்பி,
வெய்க்கோ


பெண்கள் சிறை,
டிசம்பர் 11

வெய்க்கோ,

சுகமா என்று கேட்கப்போவதில்லை. நீ சொல்லமாட்டாய் என்று தெரிகிறது.

நாலு வயது நாய்க்கு என்னடா முதுமை?

லோவெலைப் பற்றிக் கேட்டேன். நீ ஊசியிலையைப் பற்றிப் பதில் எழுதியிருக்கிறாய்.

சரி, பேட்டரி. விசிறி மூன்று ஆம்பியர் இழுக்கும், விளக்கும் போனும் கொசுறு. நூறு ஏ.எச். லித்தியம் வாங்கு. ஆசிட்டில் அதே அளவு வாங்கினால் அறுபது பவுண்டு தூக்கி இடுப்பு போகும். குடிலுக்குள் தரையில் வைக்காதே, பலகை மேல் வை. வெளியே விளக்கு மாட்டினாலும் பேட்டரி உள்ளேயே இருக்கட்டும், ஒயரை மட்டும் நீட்டு. அந்த ஒரு விளக்கு மட்டும் என்றால் நாலு நாள் அணையாமல் எரியும்.

இங்கே ரோண்டா என்று ஒருத்தி வந்திருக்கிறாள். கதவு நிலையில் இடிக்காமல் நுழைய முடியாத உடம்பு. என் ஆப்பிளை எடுத்தாள், "என்ன செய்வே, ஈட்டியால குத்துவியா?" என்றாள். எழுந்தேன். உன் காலண்டரை நினைத்து உட்கார்ந்தேன். இன்னும் எத்தனை ஆப்பிள் என்று தெரியவில்லை.

நாள் 88.

இர்யா


கல்லியோ ஏரி,
ஜனவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷ வாழ்த்து. ஐஸ் பதினாறு அங்குலம். எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கிறிஸ்துமஸுக்கு ஹல்வரின் மனைவி ஆர்டிஸ் ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். சென்யா முக்கால்வாசியைத் தின்றுவிட்டு மிச்சத்தை உனக்கு அனுப்பச் சொன்னாள். சிறையில் ரொட்டி வாங்கமாட்டார்கள் என்று சொல்லி அதையும் தின்றாள்.

ஒரு முட்டாள்தனம் செய்தேன். சின்ன பேட்டரி குடிலுக்கு வெளியே கிடந்தது. மைனஸ் இருபது. அப்படியே கொண்டுபோய் ஹல்வர் கடையில் சார்ஜரில் மாட்டிவிட்டேன். "உங்கக்கா இருந்தா உன்னையே சார்ஜர்ல மாட்டியிருப்பா" என்றார். செத்துவிட்டது. நீ சொன்னபடியே சமாதி.

பெரியது நன்றாக உழைக்கிறது. ஒன்றரை நாளில் தீர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஹல்வர் கடைக்கும் ஐஸுக்குமாக அதை இழுத்துக்கொண்டு அலைகிறேன். சென்யா விசிறிச் சத்தத்தில் கணக்கு வரவில்லை என்று புகார். பைக் மீனுக்குப் பெரிய குழி வெட்டியிருக்கிறேன், மூன்றடிக்கு ஐந்தடி. பதினாலு பவுண்டு மீன் ஒன்று ஈட்டியில் ஏறியது. தலையில் அடித்துக் கொல்ல எனக்குக் கை வரவில்லை. எப்போதும் போல சென்யாவிடம் கட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன். ஒரே அடி. உன் மகள்.

தம்பி,
வெய்க்கோ


பெண்கள் சிறை,
ஜனவரி 10

வெய்க்கோ,

நூறை மூன்றால் வகு. முப்பத்து மூன்று மணி நேரம். ஒன்றரை நாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேரம் மீன் பிடிப்பவனுக்கு நூறு ஏ.எச். ஒரு மாதம் வரும். ஒன்றரை நாளில் தீர வேண்டுமென்றால் விசிறியை அணைக்கவே கூடாது. பகலிலும் கூடாது, படுத்தாலும் கூடாது. அந்த விசிறிக்குக் கீழே உட்கார்ந்து என் பிள்ளை கணக்குப் போடுகிறாள்.

நீங்கள் ஐஸின் மேல் குடியிருக்கிறீர்கள்.

பதினோரு வருஷம் பேட்டரி விற்றவளிடமே பேட்டரியை வைத்து மறைக்கிறாயா? யாரிடம் காது குத்துகிறாய்? வீடு என்ன ஆயிற்று? நாயை யார் கொன்றது? ஒரு பொய் எழுதினாயானால், மார்ச்சில் வந்து முதலில் உன் கழுத்தைத்தான் பிடிப்பேன். சத்தியம்.

நாள் 58. ஐம்பத்தெட்டும் நெருப்பு.

இர்யா


கல்லியோ ஏரி,
ஜனவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

ஐஸ் இருபது அங்குலம். நாங்கள் உயிரோடு, முழுசாக இருக்கிறோம். முதலில் அதைப் படித்துக்கொள்.

நவம்பர் கடைசியில் லோவெல் வந்தான். மான் வேட்டைத் துப்பாக்கியோடு. மூஸ்தி குரைத்துக்கொண்டு ஓடியது. படியிலேயே சுட்டான். உடனே சாகவில்லை, வாசல்வரை இழுத்துக்கொண்டு வந்தது. சென்யா கதவைத் திறந்துவிட்டாள். பிறகு அவன் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சுட்டான், அவசரமே இல்லாமல், குண்டு போட்டுக் குண்டு போட்டு. நாங்கள் குளியலறைத் தொட்டிக்குள் படுத்திருந்தோம். "எம் புள்ளய குடுத்துட்டு நீ செத்துப் போடா" என்று கத்தினான். நாலாம் நாள் சௌனாவைக் கொளுத்தினான். எரிவதைப் பார்த்தபடி வண்டியில் உட்கார்ந்து பீர் குடித்தான்.

துணை ஷெரீப் வந்து எழுதிக்கொண்டு போனார். வந்து சேர ஒரு மணி நேரம். எங்கள் பக்கம் வரக்கூடாது என்று கோர்ட் அவனுக்கு ஒரு தாள் கொடுத்தது. அதை அவன் மது விடுதியில் வாசித்துக் காட்டிச் சிரித்தானாம். பிப்ரவரி 14 விசாரணை. அதுவரை எங்கே போவது? வீடு சாலையோரம். ஐஸின் மேல் என்றால் யார் வந்தாலும் இரண்டு மைலுக்கு முன்பே கண்ணில் படுவான். அதனால் இங்கே வந்தோம். பள்ளிக்கூடத்துக்கு அம்மை என்று சொல்லியிருக்கிறேன். "கோர்ட்டுக்கு முன்னாடி ஒரு நாள் ஐஸுக்கு நானே போய்த் தூக்குறேன்" என்று அவன் சொல்லியிருப்பதாக ஹல்வர் சொன்னார்.

ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். எழுதியிருந்தால் நீ யாரையாவது அடித்திருப்பாய். மார்ச் ஒன்பது போயிருக்கும். சென்யாவுக்கு அந்தச் சிவப்பு வட்டத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

பயமாக இருக்கிறது அக்கா. நான் நீ இல்லை. மீனின் தலையிலேயே எனக்குக் கை வராது.

தம்பி,
வெய்க்கோ


பெண்கள் சிறை,
ஜனவரி 19

வெய்க்கோ,

கை வர வேண்டியதில்லை. குழிக்குக் கை எதற்கு?

அவன் வருகிற நாளில் அப்பாவின் வழக்கத்தை மறந்துவிடு. ஒரே ஒரு நாள். கிளைகளைப் பிடுங்கி அடுப்பில் போடு. பெரிய பேட்டரியின் விளக்கை எடுத்து, குழிக்கு மேற்கே பிர்ச் கம்பம் நட்டு அதன் மேல் மாட்டு. கிழக்குக் கரையிலிருந்து வருகிறவன் விளக்கைத்தான் பார்ப்பான், காலடியைப் பார்க்கமாட்டான். மிச்சத்தை ஏரி பார்த்துக்கொள்ளும். அவன் எத்தனை நேரம் கத்துகிறான் என்று எண்ணி எனக்கு எழுது. வாளிக்குள் என் பிள்ளை எண்ணியதைவிட அதிகமாக இருக்கட்டும்.

ப்ரூயிட் ஐயா, நீங்கள் இதைப் படித்தால், இது மீன் பிடிப்பதைப் பற்றித்தான்.

நாள் 49.

இர்யா


பெண்கள் சிறை,
ஜனவரி 21

தம்பி,

முந்தாநாள் எழுதியதைக் கிழித்துப் போடு. உடனே.

இன்று ரோண்டா வரிசையில் நின்றபடி என் காதருகே குனிந்து, "ஓம் பொண்ணு இப்ப எவன்கிட்ட அடி வாங்குதோ" என்றாள். முள்கரண்டி கையில் இருந்தது. அவள் கழுத்து நரம்பு எனக்குத் தெரிந்தது. எங்கே குத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். நகம் உள்ளங்கையில் இறங்கி ரத்தம் வந்தது. அடிக்கவில்லை. என் ஆயுசில் முதல் தடவை.

அப்போதுதான் உன்னை நினைத்தேன். குத்தின பிறகு என்ன என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. எனக்குள் அந்தச் சத்தம் சங்கீதம் என்று எழுதினேனே, பொய். மூன்று வருஷமாகச் சாப்பாட்டில் எல்லாம் அந்தச் சத்தம்தான்.

கிளைகளைப் பிடுங்காதே. சென்யாவை ஆர்டிஸ் வீட்டில் விடு, ஹல்வரைத் துப்பாக்கியோடு வாசலில் உட்காரச் சொல். தினமும் ஷெரீபுக்குப் போன் போட்டுத் தொந்தரவு செய். நாற்பத்தேழு நாள்தான். நான் வந்துவிடுவேன். நீ மீனைக் கொல்லத் தெரியாதவனாகவே இரு. நம் வீட்டில் ஒருத்தராவது அப்படி இருக்கட்டும்.

இன்று சனிக்கிழமை, திங்கள்தான் தபால் எடுப்பார்கள். அதற்குள் அவன் வந்துவிடக் கூடாது.

அக்கா,
இர்யா


மாவட்டச் சிறை,
பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கேயிருந்து ஏரி தெரியாது, அதனால் அங்குலம் எழுத முடியவில்லை. சாப்பாடு பரவாயில்லை. நீ சொன்ன காபி இங்கேயும் உண்டு. சென்யா ஆர்டிஸ் வீட்டில் இருக்கிறாள், ஒரு கீறல் இல்லை.

எல்லாம் துணை ஷெரீபிடம் சொல்லிவிட்டேன், ஆகையால் உனக்கு எழுதத் தடையில்லை.

ஜனவரி 25, புதன்கிழமை. காலையில் குடிலை முப்பதடி நகர்த்தினேன். பழைய குழியைச் சுற்றி ஐந்து கிளை நட்டேன், தண்ணீர் ஊற்றினேன். மத்தியானம் பனிக்காற்று கிளம்பி, கை நீட்டினால் கை தெரியவில்லை. இரண்டு மைல் பார்க்கலாம் என்று வந்தவனுக்கு இரண்டடி தெரியவில்லை. மூன்று மணிக்கு ஹல்வர் போன் செய்தார். "லோவெல் கெளம்பிட்டான்டா, பனிவண்டியில, துப்பாக்கியோட. ஷெரீபுக்கு சொல்லிட்டேன், ஆனா இந்தக் காத்துல அவங்க எப்ப வர."

குழியில் அப்போது ஒரு அங்குலம்தான் ஏடு கட்டியிருந்தது, மேலே பனி மூடிவிட்டது. நான் கடப்பாரையால் கிளைகளின் அடியை உடைத்தேன். உறைந்துவிட்டதால் சுலபமாக வரவில்லை. ஐந்தையும் பிடுங்கினேன். அடுப்பில் போட்டேன். பிறகு விளக்கைக் குழிக்கு மேற்கே பிர்ச் கம்பத்தில் மாட்டினேன். சென்யாவைப் பேட்டரிக்குப் பக்கத்தில் தரையோடு படுக்க வைத்து மெத்தையைப் போர்த்தினேன்.

பனிவண்டி எங்கோ சிக்கிக்கொண்டது, நடந்து வந்தான். விளக்கைப் பார்த்துச் சுட்டான். இரண்டு குண்டு. ஒன்று குடிலுக்குள் புகுந்து, சென்யா படுத்திருந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே பலகையைத் துளைத்தது. மூன்றாவது சத்தம் துப்பாக்கி இல்லை.

நான் கம்பையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு போனேன். கழுத்தளவு தண்ணீரில் விளிம்பைப் பிடித்திருந்தான். "வெய்க்கோ, கம்ப குடுடா. சாகப்போறேன்டா" என்றான். "துப்பாக்கி எங்க?" என்று கேட்டேன். "போச்சு, கீழ போச்சு. குடுடா" என்றான். உண்மை. இரண்டு கையும் காலியாகத்தான் இருந்தது. கம்பு என் கையில் இருந்தது. நான் கொடுக்கவில்லை. விளிம்பு உடைந்தது, மறுபடி பிடித்தான். மறுபடி உடைந்தது. மூன்றாவது தடவை முழங்கையை மேலே போட்டுவிட்டான், ஏறிவிடுவான் போலிருந்தது. கடப்பாரையின் தட்டைப் பக்கத்தால் அடித்தேன். ஒரே அடி. மீனை அடிக்கும்போது சென்யா கண்ணை மூடமாட்டாள், நானும் மூடவில்லை.

அவன் எவ்வளவு நேரம் கத்தினான் என்று நான் எண்ணவில்லை.

துணை ஷெரீப் எல்லாம் கேட்டார், எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். யாராவது உனக்கு யோசனை சொன்னார்களா, சிறையிலிருந்து அக்கா ஏதாவது எழுதினாளா என்றும் கேட்டார். செவ்வாய்க்கிழமை நான் தபால்பெட்டிக்குப் போனதை ஹல்வர் சொல்லிவிட்டாராம். போனேன், பெட்டி காலி, உன்னிடமிருந்து அந்த வாரம் ஒன்றும் வரவில்லை என்று சொன்னேன். உன் கடிதங்கள் எப்போதும் தாமதம்தானே அக்கா.

பேட்டரி நீ சொன்னபடியே உழைத்தது. மறுநாள் மத்தியானம் வரை விளக்கு மங்கவே இல்லை. ஆட்கள் வந்து அணைத்தார்கள்.

மார்ச் ஒன்பது பத்திரம்.

தம்பி,
வெய்க்கோ


கல்லியோ ஏரி,
மார்ச் 12

அன்புள்ள வெய்க்கோவுக்கு, அக்கா இர்யா எழுதுவது.

ஏரியில் ஐஸ் இருபத்தெட்டு அங்குலம். நான் நூற்று இருபத்தொன்பது. சென்யா அறுபது. நீ எத்தனை என்று எழுது, குறைத்து எழுதாதே.

ஐந்து வாரம் உனக்குப் பதில் போடவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன், அவ்வளவுதான். துணை ஷெரீப் அங்கேயும் வந்தார். "அது எப்பவும் பேட்டரி, மீன், பேட்டரின்னுதான் எழுதும் சார்" என்று ப்ரூயிட் சொன்னாராம். என்னைக் கேட்டார்கள். வாழ்நாளெல்லாம் வாயும் கையும் நிற்காதவள், ஊமையாக உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாம் தேதி கதவைத் திறந்து வெளியே விட்டார்கள். சென்யா ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். முதலில் கேட்டது உன்னைத்தான்.

கரையில் தபால்பெட்டியைத் திறந்தேன். என் கையெழுத்தில் ஒரே ஒரு உறை, பிரிக்கப்படாமல், பனி ஒட்டி. ஜனவரி 21. வேறு எதுவும் இல்லை. அந்த வாரம் ஒன்றும் வரவில்லை என்று நீ சொன்னாய். சரி, வரவில்லை. அந்த உறையை இத்துடன் அனுப்புகிறேன். தாமதமாகிவிட்டது. ஆனாலும் படி.

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று அம்மா உன்னைப் பற்றித்தான் பெருமையடிப்பாள். நேற்று ஷெரீப் அலுவலக வாசல் வரை போனேன். கதவுப் பிடியில் கை வைத்தேன். எதற்குப் போனேன் என்று எழுதமாட்டேன், உனக்குத் தெரியும். சென்யா என் மற்றொரு கையைப் பிடித்திருந்தாள். "அம்மா, மறுபடியும் உள்ள போறியா?" என்றாள். திரும்பிவிட்டேன். நீ அதைத்தான் விரும்புவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது எனக்கு ஆறுதலாக இல்லை, வெய்க்கோ. அந்தப் பேட்டரியைத் தேர்ந்தெடுத்தது நான்தான். விளக்கு எத்தனை நாள் எரியும் என்று கணக்குச் சொன்னதும் நான்தான். நான் வாழ்கிற வரை அது எரியும்.

வரும் திங்களுக்குள் குடிலைக் கரைக்கு இழுத்தாக வேண்டும். பேட்டரியை ஷெரீப் ஆட்கள் சாட்சிக்கு எடுத்துப் போய்விட்டதால் ஹல்வரிடம் புதிது வாங்கினேன். ஆசிட் பேட்டரி. "என்னடி, நீயே லித்தியம்னு தலையால அடிச்சிப்பியே" என்றார். கனம்தான், தூக்கும்போது இடுப்பு விண்ணென்று தெறித்தது. இருக்கட்டும். தீரப்போகிறது என்றால் இது முன்னாலேயே சொல்லும்.

இன்று காலை பழைய குழி இருந்த இடத்துக்குப் போனோம். இப்போது அங்கே லாரி ஓட்டலாம், அவ்வளவு கெட்டி. ஆனாலும் நானும் சென்யாவும் ஐந்து கிளை வெட்டிக்கொண்டு போய் நட்டோம். அவள் தண்ணீர் ஊற்றினாள், நான் உறைகிற வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

உனக்கு எத்தனை வருஷம் என்று இன்னும் சொல்லவில்லை. சொன்ன அன்றே எழுது. காலண்டரில் கட்டம் அடிப்பது இனி என் வேலை.

அங்கே யார் என்ன சொன்னாலும் கையை ஓங்காதே, தம்பி.

அக்கா,
இர்யா